பேராலயப் போர் நினைவுச் சிற்றாலயத்தில் உதிர்ந்த படைக்கொடிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நிகழ்விடம் வட இங்கிலாந்தில் உள்ள ஒரு பேராலயம். சிலுவை வடிவக் கட்டடத்தின் வடக்குக் கையில், கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு சிற்றாலயம் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு அது அந்தக் கவுண்டியின் (மாவட்டத்தின்) காலாட்படை ரெஜிமென்டுக்கு நினைவிடமாகக் கொடுக்கப்பட்டது. பேராலயம், ரெஜிமென்ட், தொடர்புடைய ஆட்கள் ஆகியோரின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

இப்படிப்பட்ட சிற்றாலயங்கள் அங்கே புதிதல்ல. கேன்டர்பரி, லிங்கன், டர்ஹம், ஷெஃபீல்ட், மான்செஸ்டர் பேராலயங்களில் அந்தந்த வட்டாரப் படைப்பிரிவுகளுக்கு ஒன்று உண்டு. ஷெஃபீல்டில் வாள்களையும் துப்பாக்கிமுனைக் கத்திகளையும் வரிசையாக நிறுத்தித் தடுப்பாகவே அமைத்திருக்கிறார்கள். இவை பெருகியதற்கு நேரடியான காரணம் ஒன்று இருந்தது. போர்க்களத்தில் இறந்தவர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதை 1915-இல் பிரிட்டன் தடை செய்தது. பிரான்சிலும் துருக்கியின் கலிப்பொலியிலும் புதைக்கப்பட்டவனுக்கு ஊரில் கல்லறை இல்லை. பெயர்ப் புத்தகமும் சுவரில் தொங்கும் படைக்கொடியும் கல்லறையின் இடத்தை எடுத்துக்கொண்டன. கொடியைப் பற்றி எடுக்கும் எந்த முடிவும் ஏன் இவ்வளவு உணர்ச்சியைக் கிளப்புகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

ரெஜிமென்டின் உட்பிரிவான காலாட்படைப் பட்டாலியனுக்குப் பொதுவாக இரண்டு கொடிகள்: பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் கொடி வடிவில் மன்னர் கொடி, படைப்பிரிவுக்கே உரிய நிறத்தில் ரெஜிமென்ட் கொடி. வழங்கும்போது படைக் குருமார் அவற்றை அர்ச்சிப்பார்கள், அதாவது செபித்துப் புனிதப்படுத்துவார்கள். பழசானதும் ஆலயத்தில் ஒப்படைக்கப்படும். ஒப்படைத்த கொடி மறுபடி படைப்பணிக்குத் திரும்பாது. 1881 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் லேங்ஸ் நெக் சண்டைக்குப் பிறகு பிரிட்டிஷ் படை எதுவும் கொடியைப் போர்முனைக்கு எடுத்துச் செல்லவில்லை. ஆகவே இன்று ஆலயங்களில் தொங்குவனவற்றில் காணப்படும் கிழிசலுக்குப் பெரும்பாலும் எதிரியின் குண்டு காரணமல்ல. வழிகாட்டிகள் பார்வையாளர்களிடம் குண்டுத் துளை என்று காட்டுவது பல இடங்களில் பட்டு தானாக விட்டுப்போன இடம்தான்.

இந்தச் சிற்றாலயத்தில் ஏழு கொடிகள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு ஜோடி. இரு உலகப் போர்களுக்கு இடையில் ஒப்படைக்கப்பட்ட இன்னொரு ஜோடி. இதன் மன்னர் கொடியில் முதல் உலகப் போரின் பத்துப் போர்ப்பெயர்கள், அதாவது ரெஜிமென்ட் பங்கேற்ற சண்டைகளின் பெயர்கள், பூத்தையலில் உண்டு. மீதி மூன்றும் தனிக்கொடிகள். போருக்கென்றே திரட்டப்பட்ட சேவைப் பட்டாலியன்களுக்குப் போர் முடிந்தபின் வழங்கப்பட்ட எளிய பட்டு மன்னர் கொடிகள் அவை. ஏழும் தரையிலிருந்து சுமார் நான்கரை மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து சாய்வாக நீட்டிய இரும்புத் தாங்கிகளில் கம்போடு செருகப்பட்டிருந்தன.

முதல் அறிகுறி

போரில் இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் நினைவு ஞாயிற்றுக்கு முந்தைய வாரங்களில், சிற்றாலயத்தைப் பெருக்கிய ஆலயப் பணியாளர் பலிபீடப் படிக்கு அருகில் பழுப்பு நிறத் தூளையும் சில ஜரிகை இழைகளையும் பார்த்தார். முன்பும் இப்படி விழுந்திருக்கிறது. தூசியோடு தூசியாகக் குப்பைக்குப் போயிருக்கிறது. இம்முறை உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று வலைத்துணியோடு சேர்ந்து விழுந்திருந்தது. அவர் அதை ஓர் உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்தார்.

அன்றே மூன்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. கொடிகளுக்கு நேர் கீழே உள்ள தரையும் இருக்கைகளும் கயிறு கட்டி மூடப்பட்டன. தரையில் வெள்ளைப் பாலித்தீன் விரிக்கப்பட்டது. எந்தக் கொடிக்குக் கீழே என்ன விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். விழுந்தவை அமிலமற்ற மென்தாளில் மடித்து, கொடி எண்ணும் தேதியும் எழுதி வைக்கப்பட்டன. வாக்யூம் கிளீனரை அந்தப் பகுதியில் இயக்க வேண்டாம் என்று பணியாளர்கள் அனைவருக்கும் சொல்லப்பட்டது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பிற்பாடு பூத்தையல் எழுத்து ஒன்றின் பாதியைச் சரியான இடத்தில் திரும்ப வைக்க முடிந்தது இந்த உறைகளால்தான்.

தரையை மூடியதற்குக் காரணம் துணி மட்டுமல்ல. கம்பின் உச்சியில் சிங்கமும் மகுடமும் சேர்ந்த பித்தளைக் கொண்டை இருக்கிறது. 2.6 மீட்டர் நீளக் கம்பும் கொண்டையும் நான்கரை மீட்டர் உயரத்திலிருந்து இருக்கை மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று பேராலயக் கட்டடக் கலைஞர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டட ஆய்வில் கூரையையும் ஓடுகளையும் பார்த்தார்கள்; கொடித் தாங்கியைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலில் இல்லை.

மேலே ஏறிப் பார்த்தபோது

சக்கரமுள்ள அலுமினியச் சாரக் கோபுரம் ஒன்று கொண்டுவரப்பட்டது. தரையில் பழைய கல்லறைப் பலகைகள் இருப்பதால் சக்கரங்களின் கீழும் பக்கத் தாங்குகால்களின் கீழும் ஒட்டுப்பலகை போடப்பட்டது. துணிப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் எதையும் தொடாமல், பக்கவாட்டு ஒளியில் படம் எடுத்து, கொடி கொடியாகக் குறிப்பு எழுதினார். எடுத்த எடுப்பில் எல்லாரும் நினைத்தது வெளிச்சமே குற்றவாளி என்று. அது பாதி உண்மை.

*பட்டு.* பழைய ஜோடியின் பட்டு மடிப்பு மடிப்பாக, நேர்கோட்டில் வெடித்திருந்தது. பெட்டியில் பல ஆண்டுகள் மடித்தே கிடந்த பழைய பட்டுப்புடவையைப் பிரித்தால் மடிப்பில் விட்டுப்போவதை நம் வீடுகளில் பார்த்திருப்போம். அதே வகை வெடிப்பு, ஆனால் இங்கே காரணம் கூடுதலாக ஒன்று. பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறையும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆலைகள் அந்த எடையைத் தகர உப்புகளை ஏற்றி ஈடுகட்டின. துணி கனமாகவும் நன்றாக மடிந்து விழுவதாகவும் இருக்கும். ஆனால் அந்த உப்பு இழையை உள்ளிருந்து முறிக்கும்; வெளிச்சம் அதை விரைவுபடுத்தும். உதிர்ந்த துண்டை, பொருளில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் வைத்தபோது தகரம் தெளிவாகத் தெரிந்தது. சேவைப் பட்டாலியன் கொடிகளில் அது இல்லை. இளைய கொடிகள் என்பதால் அவை நன்றாக இருந்தன என்பதைவிட, எடை ஏற்றாத பட்டு என்பதால் நன்றாக இருந்தன என்பதே சரி.

*எடை.* ரெஜிமென்ட் கொடியின் நடுவே சின்னமும் மாலையும் போர்ப்பெயர்ப் பட்டைகளும் ஜரிகையிலும் பஞ்சு வைத்த பூத்தையலிலும் செய்யப்பட்டவை. அடித்துணியோ மெல்லிய பட்டு. கனமான நடுப்பகுதி மெல்லிய சுற்றுப்புறத்தை இடைவிடாது கீழே இழுத்ததால், பூத்தையலின் ஓரத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கிழிந்திருந்தது. கம்பு சாய்வாக இருந்ததால் கொடியின் முழு எடையும் கொண்டையை ஒட்டிய மேல் மூலையில் குவிந்தது. ஏழில் ஐந்து கொடிகளில் முதலில் விட்ட இடம் அந்த மூலை.

*வலை.* பழைய ஜோடியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பருத்தி வலைகளுக்கு நடுவே வைத்துச் சாய்சதுரக் கட்டங்களாகத் தைத்திருந்தார்கள். அக்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் இதுதான் வழக்கம். வலை இல்லையென்றால் அந்தக் கொடிகள் எப்போதோ போயிருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் தையல் ஊசி போட்ட துளை ஒவ்வொன்றும் வெடிப்பின் தொடக்கமாக ஆனது. பருத்தியும் பட்டும் ஈரத்தில் வெவ்வேறு அளவு நீண்டு சுருங்கின. இரு வலைகளுக்கும் நடுவில் மெழுகுவத்திக் கரி சிக்கி, வெளியேற வழியில்லாமல் தங்கியது. கடைசியில் வலையின் நூலும் இற்றபோது, அது பிடித்திருந்த துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. முதலில் விழுந்த துண்டு இப்படி நழுவியதே.

*வெப்பம்.* சிற்றாலய வாயிலுக்கு அருகே ஒரு கர்னி அடுப்பு இருந்தது. விலாவிலாகப் பிதுங்கிய அந்த இரும்பு உருளைகளைப் பல ஆங்கிலப் பேராலயங்களில் காணலாம். 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரிக்காக வந்தவை; இங்கே இருந்தது எரிவாயுவுக்கு மாற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து எழும் வெப்பக் காற்று சுவரோரமாக ஏறி, நேராக இரண்டு கொடிகளைத் தொட்டுப் போனது. சுவரில் கருந்தீற்றல் அதற்குச் சாட்சி. கொடிகளின் உயரத்தில் வைத்த பதிவுக் கருவி, வார நாட்களில் ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உண்மையில் இருப்பது) அறுபது சதவீதத்துக்கு மேல் இருப்பதையும், அடுப்பு எரியும் வழிபாட்டு நாட்களில் அது நாற்பதுக்குக் கீழே சரிவதையும் காட்டியது. தரையளவில் அதுவரை இருந்த கருவியில் இந்த ஊசலாட்டம் தெரியவே இல்லை. கருவியைக் கைக்கெட்டும் உயரத்தில் வைப்பது வசதி. பொருள் இருக்கும் உயரத்தில் வைத்தால்தான் பயன்.

*ஒளி.* லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு. பட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 50 லக்ஸ், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,50,000 லக்ஸ்-மணி. கோடைக் காலை வெயில் கிழக்குச் சன்னல் வழியே விழும்போது இரண்டு கொடிகளில் அளவு ஆயிரத்தைத் தாண்டியது. அதோடு பலிபீடத்துக்கென்று பொருத்திய ஹாலஜன் விளக்கு ஒன்று திசை மாறி, ரெஜிமென்ட் கொடியைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

*பூச்சி.* கொடிகளில் அந்துப்பூச்சியின் தடயம் சிறிதளவே. ஆனால் கண்காணிக்க வைத்த பூச்சிக் கூண்டுகளில் பெருமளவு சிக்கியது. மூலத்தைத் தேடியபோது இருக்கைகளின் அடியில், சுவரோரம் அடுக்கியிருந்த முழந்தாள் மெத்தைகள் அகப்பட்டன. படைப்பிரிவின் குடும்பத்தார் கம்பளி நூலில் சின்னம் தைத்துக் கொடுத்தவை அவை. ஆண்டு முழுக்க யாரும் நகர்த்துவதில்லை. அடிவரிசை மெத்தைகளைத் திருப்பிப் பார்த்தால் புழுக்கூடுகள். கொடியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் முதலில் பூச்சியைக் குளிரில் கொல்ல உறைபெட்டி தேடவேண்டியதாயிற்று.

யாருடைய கொடி, யார் தீர்மானிப்பது

வேலையைவிட இது அதிக காலம் எடுத்தது. இராணுவ விதிகளின்படி கொடி அரசின் சொத்து. ஆலயம் அதன் காப்பாளர். ரெஜிமென்ட் 20-ஆம் நூற்றாண்டிலேயே இணைப்புகளில் கரைந்துவிட்டது. முன்னாள் வீரர் சங்கம் மட்டும் இருந்தது. கட்டடமும் அதிலுள்ள பொருட்களும் டீனும் (தலைமைக் குரு) சாப்டரும் (ஆட்சிக் குழு) அடங்கிய பேராலய நிர்வாகத்தின் பொறுப்பு. ஆங்கிலிக்கப் பங்கு ஆலயங்களில் இதற்கு மறைமாவட்ட நீதிமன்ற அனுமதி தேவை. பேராலயங்களுக்கு அந்த முறை கிடையாது. 2011-ஆம் ஆண்டின் பேராலயப் பராமரிப்புச் சட்டப்படி, பேராலயத்துக்கென அமைந்த கட்டட ஆலோசனைக் குழுவிடமோ தேசிய அளவிலான ஆணையத்திடமோ விண்ணப்பிக்க வேண்டும். பொது அறிவிப்பு ஒட்டி 28 நாள் கருத்துக்குக் காத்திருக்கவும் வேண்டும். சங்கத்தார் பங்கு ஆலய அனுபவத்தில் வேறு வழியில் எழுதத் தொடங்கி, சில வாரங்கள் வீணாயின.

சங்கத்தின் முதல் நிலைப்பாடு மரபையொட்டியது: ஒப்படைத்த கொடி அதே இடத்தில் தூளாகும்வரை தொங்க வேண்டும், அதில் கை வைப்பது மரியாதைக் குறைவு. இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளியிருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். நிர்வாகம் வேறு வழியில் போனது. சங்கப் பிரதிநிதிகள் மூவரைச் சாரக் கோபுரத்தில் ஏற்றி, கொடியைக் கண்ணருகில் காட்டினார்கள். தொங்கவிட்டு அழியவிடுவது என்றால் நடைமுறையில் என்ன என்பது அங்கே புரிந்தது: பெருக்குமாறுக்கும் குப்பைப் பைக்கும் போவது. மரபை எதிர்த்து வாதாட வேண்டியிருக்கவில்லை.

மேசையில் இருந்த வழிகள் நான்கு. அப்படியே விடுவது. ஏழையும் இறக்கி முழுமையாகச் செப்பனிட்டுக் கண்ணாடிப் பேழைகளில் வைப்பது. ஏழையும் அருங்காட்சியகக் கிடங்குக்கு அனுப்புவது. அச்சிட்ட நகல்களைத் தொங்கவிட்டு மூலத்தைப் பாதுகாப்பது.

முதல் வழி பாதுகாப்புக் காரணத்தாலேயே விழுந்தது. இரண்டாவது இடத்தால் விழுந்தது. 1868-க்குப் பிந்தைய கொடியின் அளவு, குஞ்சம் நீங்கலாக, சுமார் 114 × 91 செ.மீ. மடிக்காமல் படுக்கவைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டில் அளவு பேழை வேண்டும். ஏழு வைத்தால் சிற்றாலயத்தில் முழந்தாளிட இடமிருக்காது. மூன்றாவதற்கு முன்னுதாரணம் உண்டு. சென்னை ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி ஆலயத்தில் தொங்கிய படைக்கொடிகள்கூடப் பின்னாளில் பக்கத்துக் கோட்டை அருங்காட்சியகத்துக்குத்தான் போயின. துணிக்கு அதுவே நல்லது. ஆனால் நினைவிடம் வெற்றாகிவிடும் என்று சங்கமும் நிர்வாகமும் ஒருமித்து மறுத்தன. நகலுக்குச் சங்கத்தில் ஆதரவு இருந்தது, குருமார் ஏற்கவில்லை. அர்ச்சிக்கப்பட்ட கொடியின் இடத்தில் அர்ச்சிக்கப்படாத அச்சுத்துணி தொங்கினால் அது அலங்காரம் என்பது அவர்கள் வாதம். நகல் அருங்காட்சியகத்துக்குப் பொருத்தம், வழிபாட்டு இடத்துக்கு அல்ல என்பதில் நியாயம் இருக்கிறது.

கடைசியில் கொடிக்குக் கொடி தனித்தனியாக முடிவு செய்தார்கள். பழைய ஜோடி: வலையோடு தட்டைப் பெட்டிகளில் இட்டுக் கிடங்கில். இரு போர்களுக்கு இடைப்பட்ட ஜோடியில் போர்ப்பெயர்கள் உள்ள மன்னர் கொடி: முழுச் செப்பனிடல், சிற்றாலயத்திலேயே பேழையில். அதன் ஜோடியான ரெஜிமென்ட் கொடி: நிலைப்படுத்திக் கிடங்கில், நிதி கிடைக்கும்போது அடுத்த கட்டம். மூன்று சேவைப் பட்டாலியன் கொடிகள்: தாங்கிகளைப் புதுப்பித்து மறுபடி சுவரில்.

இறக்கிய விதம்

அனுமதிக்கு முன்பே இரண்டு கொடிகள் ஆபத்து காரணமாக இறக்கப்பட்டன; காரணமும் படமும் எழுத்தில் பதிந்து குழுவுக்கு அனுப்பப்பட்டன. மற்றவை அனுமதிக்குப் பின்.

கொடியை மேலேயே கம்பிலிருந்து கழற்றலாம் என்பது பார்த்தவுடன் தோன்றும் யோசனை. அது தவறு. துணியின் கம்புறை, பித்தளைத் தலை ஆணிகளால் மரத்தில் அறையப்பட்டிருக்கிறது. ஆணியை நெம்பினால் உறையோடு பட்டும் வரும். எனவே கம்போடு சேர்த்தே இறக்கினார்கள். இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் இருவர், கீழே இருவர். நெய்யாத டைவெக் துணியைத் தொட்டிலாகக் கொடியின் அடியில் செலுத்தி, இருபுறமும் மேலே கொண்டுவந்து, பருத்தி நாடாவால் 30 செ.மீ. இடைவெளியில் தளர்வாகக் கட்டினார்கள். நாடா துணியைக் கம்போடு இறுக்கக் கூடாது; விழுவதைத் தாங்கினால் போதும். அதன் பின்புதான் கம்பு தாங்கியிலிருந்து மேல்நோக்கி உருவப்பட்டது. துருப்பிடித்த தாங்கி இரண்டில் கம்பு சிக்கியது. எண்ணெய் விட்டால் துணிக்கு ஓடும் என்பதால், தாங்கியின் திருகையே அறுத்து முழுசாக இறக்கினார்கள். ஒரு தாங்கியின் மரக்கட்டை உளுத்து, திருகு கையோடு வந்தது. கொண்டை விழும் என்ற அச்சம் மிகையல்ல.

சிற்றாலயத் தடுப்பின் வாயிலில் கம்பை நீட்டுவாக்கில் திருப்ப முடியாது என்பது முதல் நாளே அளந்து தெரிந்திருந்ததால், மேசைகள் உள்ளேயே போடப்பட்டன. கையுறை நைட்ரில்; முகக்கவசம் நுண்தூசியைத் தடுக்கும் எஃப்.எஃப்.பி.3 தரம். பழைய தூசியில் கரி மட்டும் இருப்பதில்லை; சென்ற நூற்றாண்டில் துணிகளில் தூவிய பூச்சிமருந்துகளின் எச்சமும் இருக்கலாம்.

மேசையில்

தூசியைக் குறைந்த உறிஞ்சுவிசையில், நைலான் வலைச் சட்டத்தின் மேலிருந்து நீக்கினார்கள். தண்ணீர்ச் சலவை எந்தக் கொடிக்கும் செய்யப்படவில்லை. எடை ஏற்றி இற்றுப்போன பட்டு நீரில் சிதைந்துவிடலாம். எடை ஏற்றாததிலும் சாயம் ஓடும் அபாயம், முக்கியமாக யூனியன் கொடியின் சிவப்பு வெள்ளைக்குள் கசிவது.

பழைய ஜோடியின் வலையைப் பிரிப்பதா என்பதில் விவாதம் நடந்தது. ஒரு மூலையில் சோதனையாக ஐந்து செ.மீ. சதுரத்தில் தையலை வெட்டிப் பார்த்ததில், நூலோடு பட்டுத் தூளும் வந்தது. அதோடு நிறுத்திவிட்டார்கள். அசிங்கமாக இருந்தாலும் அந்த வலைதான் இப்போது கொடி.

மன்னர் கொடியில் பிற்காலத்து நைலான் வலை ஓரிடத்தில் மட்டும் இருந்தது. பின்புறத்திலிருந்து தையல் தையலாக வெட்டி நீக்கப்பட்டது. சுருக்கங்களை நீக்க, ஈரத் தாளுக்கும் துணிக்கும் நடுவே நீராவியை மட்டும் கடத்தும் சவ்வை வைத்து, இழை இளகியதும் விரலால் நேராக்கி, கண்ணாடித் துண்டுகளால் அழுத்தினார்கள். அடியில் அதே நிறத்துக்குச் சாயமிட்ட பட்டுத் துணி முழுப் பரப்புக்கும் தாங்கலாக வந்தது. உறுதியான இடங்களில் மட்டும் மயிரிழைப் பட்டு நூலால் தையல். ஊசி தாங்காத இடங்களில் அக்ரிலிக் பசை பூசிய மெல்லிய பட்டுச் சல்லாவைச் சூட்டால் ஒட்டினார்கள். மேலே சாயமிட்ட நைலான் வலை ஒன்று. இம்முறை வலை துணியைத் தூக்கிப் பிடிக்கவில்லை, மூடி மட்டும் இருக்கிறது. தூக்கிப் பிடிப்பது பாலியஸ்டர் மெத்தை வைத்த அலுமினியத் தேன்கூட்டுப் பலகை. விட்டுப்போன துண்டுகளுக்குப் பதிலாகப் புதுப் பட்டு வைத்து எழுத்தை முழுமையாக்க வேண்டும் என்ற சங்கத்தின் விருப்பம் ஏற்கப்படவில்லை. அடித்துணியின் நிறம் இழப்பைத் தூரப் பார்வையில் மறைத்துவிட்டதால் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

எந்தக் கொடிக்குரியது என்று தெரிந்த துண்டுகள் அந்தக் கொடியோடு சேர்ந்தன. இனம் காண முடியாத தூள் ஒரு சிறு பேழையில் இடப்பட்டு, சுருக்கமான செபத்தோடு பலிபீடத்தின் அடியில் வைக்கப்பட்டது. மரபின் பக்கம் நின்ற உறுப்பினர்களைத் திட்டத்தோடு இணைத்தது இந்தச் சிறு ஏற்பாடுதான் என்று சொல்லலாம்.

பேழை

சிற்றாலயத்தின் ஓக் மரவேலைக்குப் பொருந்த ஓக் பேழை வேண்டும் என்பது முதல் வரைவு. நிபுணர் மறுத்தார். மூடிய பெட்டிக்குள் ஓக் அசெட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஜரிகையின் உலோகத்துக்கும் பட்டுக்கும் அது ஆகாது. பவுடர் பூச்சுப் பூசிய எஃகு உட்புறமும், வெளியே மட்டும் ஓக் உறையும் என்று முடிந்தது. பலகைச் சாய்வு 15 பாகைக்குள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி. பொத்தானை அமுக்கினால் எரிந்து தானே அணையும் எல்.இ.டி., 50 லக்ஸுக்குள். அடித்தட்டில், ஈரத்தை உறிஞ்சியும் வெளிவிட்டும் சமன் செய்யும்படி 50 சதவீத ஈரப்பதத்துக்குப் பக்குவப்படுத்திய சிலிகா ஜெல் தட்டுகள், பேழையைத் திறக்காமலே மாற்றும்படி தனிக் கதவோடு.

பிறகு நடந்தவை

முதல் நினைவு ஞாயிற்றில் சுவர் வெறுமையாக இருக்கிறது என்ற முறையீடு வந்தது. காலிக் கம்புகளை மட்டும் தொங்கவிடலாம் என்ற யோசனை, பறிகொடுத்த கொடி போலத் தோன்றும் என்று கைவிடப்பட்டது. பழைய இடங்களில் சிறு மரப் பலகைகள் வந்தன: எந்தக் கொடி, எப்போது ஒப்படைக்கப்பட்டது, இப்போது எங்கே. கிடங்கில் இருப்பதை முன்கூட்டி எழுதிக் கேட்டால் காட்டுவதாகவும் அதில் உள்ளது. இறந்த வீரர்களின் பேரப்பிள்ளைகள் உண்மையில் வருகிறார்கள்.

பேழைக்குள் ஈரப்பதம் முதல் குளிர்காலத்திலேயே எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியது. பேழை நின்ற இடம் அடுப்பின் வெப்பப் பாதையில் இருந்தது. வரைபடத்தில் அடுப்பைக் குறித்திருந்தார்கள். அதன் காற்று எங்கே போகிறது என்பதைக் குறிக்கவில்லை. பேழையை எதிர்ப்புறச் சுவருக்கு நகர்த்தியதோடு, அடுப்பை நேரக் கணக்கில் அல்லாமல் ஈரப்பதக் கட்டுப்பாட்டில் இயக்கத் தொடங்கினார்கள். வழிபாட்டின்போது சற்றுக் குளிரும் என்பதை நிர்வாகம் ஏற்றது. மூத்த உறுப்பினர்களுக்குப் போர்வை வைத்தார்கள்.

எதிர்பாராதது பூவிலிருந்து வந்தது. நினைவு நாளில் வைத்த மலர்வளையங்களின் அடியிலிருந்த ஈரப் பாசி பேழை விளிம்பின் மேல் கசிந்தது. உள்ளே போகவில்லை. அன்று முதல் பேழை மேல் எதையும் வைக்கக் கூடாது. வளையங்களுக்குத் தனிச் சட்டம், மெழுகுவத்தித் தாங்கி தடுப்புக்கு வெளியே.

மெத்தைகள் பாலித்தீனில் காற்று நீக்கிக் கட்டப்பட்டு, மைனஸ் 30 பாகையில் 72 மணி நேரம் வைக்கப்பட்டன. வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 என்றால் இரண்டு வாரம் வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை ஈரம் வெளிப்புறத்தில்தான் படிய வேண்டும். ஒரு தொகுதியைத் தன்னார்வலர் ஒருவர் அவசரத்தில் திறந்துவிட, மெத்தைகள் நனைந்து சிவப்புக் கம்பளியின் சாயம் இறங்கியது.

சுவருக்குத் திரும்பிய மூன்று தனிக்கொடிகளில் இரண்டு நிலையாக உள்ளன. மூன்றாவதில் அடுத்த ஆண்டே மேல் மூலையில் புதுக் கிழிசல் தெரிந்தது. அது காலை வெயில் படும் சுவர். சன்னலுக்குப் படலம் ஒட்டியது புற ஊதாக் கதிரைத் தடுத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பட்டைச் சிதைக்கும் என்பதற்கு அது விடையாகவில்லை. அந்தக் கொடியும் இறக்கப்பட்டது.

மாற்ற வேண்டியவை

சுவரில் விடுவதற்கான நிபந்தனையை முன்பே எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது கொடியை இறக்கும்போது பழைய விவாதம் முழுவதும் மறுபடி நடந்தது. இப்போது சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தம் உண்டு: புதிய கிழிசல் ஒன்று தெரிந்தாலோ, தரையில் இழை விழுந்தாலோ, மறு விவாதமின்றி இறக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் முக்காலி வைத்து, ஒரே குவியத் தூரத்தில் படம். தரையில் அந்த இடத்துக்குப் பித்தளைக் குறி பதித்திருக்கிறார்கள். கொடித் தாங்கிகள் ஐந்தாண்டுக் கட்டட ஆய்வின் பட்டியலில் சேர்ந்தன. தாங்கியின் கோணமும் மாறியது: 45 பாகையில் நீட்டியிருந்ததைச் செங்குத்துக்கு நெருக்கமாக்கினால் துணி இயல்பான மடிப்பில் விழுந்து, மூலையில் இழுவிசை குறையும், பார்வைக்குக் கொஞ்சம் சுருங்கித் தெரியும்.

செலவுத் திட்டத்தில் செப்பனிடலுக்கும் பேழைக்கும் நிதி இருந்தது, பின்பராமரிப்புக்கு இல்லை. சிலிகா ஜெல் பக்குவப்படுத்தல், பதிவுக் கருவியின் அளவுத்திருத்தம், பூச்சிக் கூண்டுகள், கிடங்குப் பெட்டிகளின் மென்தாள் மாற்றம் ஆகிய எல்லாமே ஆண்டுதோறும் வரும் செலவு. நன்கொடையாளர்கள் பேழைக்குக் கொடுப்பார்கள், ஜெல்லுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அடுத்த கட்டமான ரெஜிமென்ட் கொடிக்கு நிதி கேட்கும்போது பத்தாண்டுப் பராமரிப்பையும் அதே தொகைக்குள் சேர்த்துக் கேட்கிறார்கள். முழந்தாள் மெத்தைகள் இப்போது அடுக்கி வைக்கப்படுவதில்லை. கொக்கியில் தொங்குகின்றன, காலாண்டுக்கு ஒருமுறை தட்டி உதறப்படுகின்றன.